பழைய கமாரோவை ஆட்டோகிராஸுக்குத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். என்னிடம் 1968 செவர்லே கமாரோ ஒன்று இருக்கிறது. 350 கன அங்குல வி8 எஞ்சின், நாலு கியர், கார்புரேட்டர். ஏழு வருடமாக அதை ஆட்டோகிராஸ் ஓட்டுகிறேன். போகிற இடத்தில் பானெட்டைத் திறந்து வைத்தால் நாலு பேர் வந்து நின்று கேட்பது ஒன்றுதான்: இதை ஆட்டோகிராஸுக்கு எப்படித் தயார் செய்வது? ஊரிலிருந்து மச்சான் போன் செய்து கேட்பதும் அதேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, என் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் 1967–69 கமாரோவைச் சுற்றியே வரும். பழைய மஸ்டாங், செவெல் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஆட்டோகிராஸ்னா என்ன மச்சான், ரேஸ்தானே? எல்லாரும் ஒண்ணா கிளம்புவீங்களா?

இல்லை. பழைய விமான ஓடுதளமோ ஸ்டேடியத்தின் கார் நிறுத்துமிடமோ, ஏதாவது பெரிய காலி இடத்தில் ஆரஞ்சு நிற கோன்களை வைத்து வளைந்து நெளிந்து போகும் பாதை ஒன்று போடுவார்கள். வண்டிகளை ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். போட்டி கடிகாரத்தோடு மட்டும். ஒரு சுற்று அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரை இருக்கும். நாலைந்து முறை ஓடலாம், அதில் குறைந்த நேரம் எதுவோ அதுதான் கணக்கு. அமெரிக்க விளையாட்டுக் கார் சங்கமான எஸ்.சி.சி.ஏ.வின் விதிப்படி ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி கூடும். பாதையைத் தவறவிட்டால் அந்தச் சுற்றே செல்லாது. வேகம் பெரும்பாலும் மணிக்கு 100 கிலோமீட்டருக்குள்தான்.

பாதி நாள்தான் ஓட்டுவோம். மீதிப் பாதி வெயிலில் நின்று மற்றவர்கள் தட்டிய கோன்களை ஓடி ஓடி நிமிர்த்துவோம். இது எல்லாருக்கும் கட்டாயம். இந்தியாவில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் தரையில் நடப்பது. இங்கே தாரிலோ கான்கிரீட்டிலோ நடக்கும். பெயர் ஒன்று, ஆட்டம் வேறு.

மஸில் கார்னா நேர் ரோட்டுல பறக்குற வண்டி. அதைப் போய் ஏன் வளைச்சு வளைச்சு ஓட்டணும்?

பெரும்பாலான மஸில் கார்கள் சிக்னலுக்குச் சிக்னல் சீறத்தான் விற்கப்பட்டன, உண்மைதான். ஆனால் கமாரோவின் கதை கொஞ்சம் வேறு. 1967இல் வந்த இசட்/28 மாடல், எஸ்.சி.சி.ஏ.வின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காகவே செய்யப்பட்டது. அந்தப் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. செவர்லே தன் 327 கன அங்குல எஞ்சினின் பிளாக்கில் 283 கன அங்குல எஞ்சினின் கிராங்கைப் போட்டு 302 கன அங்குலத்தில் ஒன்றைத் தேற்றியது. முதல் வருடம் விற்றது வெறும் 602 வண்டி. ரோஜர் பென்ஸ்கேயின் அணிக்காக மார்க் டோனஹ்யூ ஓட்டி, 1968, 1969 இரண்டு வருடமும் கமாரோவுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பந்தயங்கள் எல்லாம் வளைவுகள் நிறைந்த தடங்களில் நடந்தவை. வளைவு இந்த வண்டிக்குப் புதிதல்ல. ஷோரூமிலிருந்து சாதாரண ஆளுக்குப் போன வண்டிக்குத்தான் புதிது.

(கமாரோ மஸில் கார் அல்ல, போனி கார் (மஸ்டாங் மாதிரி சற்றுச் சின்ன உடம்பு வண்டி) என்று திருத்த வருபவர்களுக்கு: சரி, நீங்கள் சொல்வதுதான் சரி. கோனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.)

எந்தப் பிரிவுல ஓட்டணும்? புது கார்வெட் கூடவா மோதணும்?

எஸ்.சி.சி.ஏ.வில் நம் மாதிரி வண்டிகளுக்கென்றே கேம் (CAM, கிளாசிக் அமெரிக்கன் மஸில்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழைய அமெரிக்க வண்டிகளுக்கு கேம்-டி, புதிய மஸ்டாங், கமாரோ வகைக்கு கேம்-சி, கார்வெட் போன்றவற்றுக்கு கேம்-எஸ். எஞ்சின், சஸ்பென்ஷன் விஷயத்தில் நிறையச் சுதந்திரம் உண்டு. முக்கியமான கட்டுப்பாடு டயரில்தான்: பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் டிரெட்வேர் எண் (ரப்பர் எவ்வளவு உழைக்கும் என்பதற்கான அளவு) 200க்குக் குறையக் கூடாது. எடை போன்ற மற்ற அளவுகள் அவ்வப்போது மாறுவதால், பாகம் வாங்கும் முன் அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

தேசியப் போட்டி ஒவ்வொரு செப்டம்பரிலும் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் நடக்கும்; ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள். அதெல்லாம் பிறகு. முதல் வருடம் பக்கத்து ஊர்ப் போட்டியே போதும்.

முதல்ல எஞ்சினைத்தானே கட்டணும்?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். என் வரிசை இது: முதலில் வண்டியில் தேய்ந்த பாகங்களின் ஆட்டத்தை எடு, அப்புறம் டயர், அப்புறம் அலைன்மென்ட், அப்புறம் ஸ்பிரிங்கும் ஷாக்கும், அப்புறம் வளைவில் பெட்ரோலும் ஆயிலும் ஓரமாக ஒதுங்காமல் பார், கடைசியில் எஞ்சின். 300 குதிரைத்திறன் இருந்தாலே கோன்களுக்கு நடுவே அதை முழுசாக இறக்க இடம் கிடைக்காது.

நான் தலைகீழாகத்தான் செய்தேன். முதல் குளிர்காலம் முழுக்க எஞ்சினில் பணத்தைக் கொட்டிவிட்டு, ஏப்ரலில் வந்து ஓட்டினேன். முந்தின வருடத்தை விட மெதுவாக ஓடியது வண்டி. பின்சக்கரம் புகைந்ததுதான் மிச்சம்.

“ஆட்டம், ஆட்டம்”னு சொல்றீங்களே, எங்கெல்லாம் பார்க்கணும்?

முன்பக்கத்தை ஜாக்கில் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ‘டக்’ என்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் டை ராடும் ஐட்லர் ஆர்மும் (ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) தெரியும். அப்புறம் வண்டியை இறக்கி, ஒருவரை ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டுக் கீழே படுத்துப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவே துணி வைத்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். ஐம்பது வருட வண்டியில் அது நைந்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

கமாரோவில் எல்லாரும் மறப்பது சப்ஃபிரேம் புஷ். இந்த வண்டியின் முன்பாதி மட்டும் தனி ஃபிரேம். பாடியோடு அதைச் சேர்ப்பவை ஆறு ரப்பர் புஷ்கள். என் வண்டியில் ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தகடு) கீழே இருந்ததை விரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி பிய்ந்து வந்தது. எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரம் எல்லாம் ஒரு துண்டு, நான் உட்கார்ந்திருப்பது இன்னொரு துண்டு என்று அதுவரை ஓட்டியிருக்கிறேன்! அலுமினியப் புஷ் போட்டு, முன் ஃபிரேமையும் பின்பக்கத்தையும் இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டரைப் பற்றவைத்த பிறகு கதவு மூடும் சத்தமே மாறிவிட்டது. போல்ட்டைக் கழற்ற இரண்டு நாள் முன்னாலிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். உடைந்தால் தரையை வெட்ட வேண்டி வரும்.

அழகான 15 அங்குல ரேலி வீல் இருக்கு. அதையே வெச்சுக்கலாமா?

பழகுவதற்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வண்டிகளில் எல்லாரும் போடும் வெள்ளை எழுத்து பி.எஃப்.குட்ரிச் ரேடியல் டி/ஏவின் டிரெட்வேர் எண் 400. அது நீடித்து உழைக்கச் செய்த ரப்பர், பிடிக்கச் செய்ததல்ல. பந்தயத்துக்கேற்ற 200 வகை டயர்களில் நமக்கு வேண்டிய அகலம் 15 அங்குலத்தில் அநேகமாகக் கிடையாது. அதனால்தான் எல்லாரும் 17, 18 அங்குலத்துக்குப் போகிறார்கள்.

முதல் தலைமுறை கமாரோவில் முன்னால் 245 மில்லிமீட்டர் அகல டயர் சுலபமாக உட்காரும். வீலின் பின்தள்ளல் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) சரியாக இருந்தால் 275/35ஆர்18 (275 மில்லிமீட்டர் அகலம், 18 அங்குல வீல்) கூடப் போகும். வாங்கும் முன் அளந்துவிடுங்கள்: ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியும், சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கியும். நல்ல டயர் நாலும் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டும். எஞ்சினில் அதே பணத்தைப் போட்டால் கிடைப்பதை விட இதில் பல மடங்கு கிடைக்கும்.

அலைன்மென்ட் கடையில “கம்பெனி அளவு இதுதான்”னு சொல்லி அனுப்பிட்டாங்க. சரியா?

எனக்கும் ஒரு கடையில் அதுதான் நடந்தது. திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டிக் கையில் தாளைக் கொடுத்தார்கள். வண்டியோ வளைவில் முன்டயரின் வெளி விளிம்பைத் தின்றது. 1968இன் அளவு அந்தக் காலத்து பயாஸ்-பிளை டயருக்கானது: கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) கிட்டத்தட்டப் பூஜ்யம், காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) ஒரு டிகிரிக்குள், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நோக்கும் திசை) லேசாக உள்நோக்கி. இன்றைய ரேடியலுக்கு அது பொருந்தாது.

ஆட்டோகிராஸுக்கு நான் வைத்திருப்பது: கேம்பர் மைனஸ் 2 டிகிரி, காஸ்டர் பிளஸ் 6, டோ பூஜ்யத்திலிருந்து 1/16 அங்குலம் வெளிநோக்கி. பழைய மேல் ஆர்மில் (சக்கரத்தை மேல்பக்கம் ஃபிரேமோடு பிடிக்கும் கை) எத்தனை ஷிம் தகடு செருகினாலும் இந்தக் காஸ்டர் வராது. அதற்கென்று வளைத்துச் செய்த குழாய் ஆர்ம் வேண்டும். எண்களைத் தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுங்கள். “இது என் பொறுப்பு” என்று கையெழுத்துப் போட்டால்தான் சிலர் செய்வார்கள்.

கல்ட்ஸ்ட்ராண்ட் மோட்னு சொல்றாங்களே, அது என்ன?

கார்வெட் பந்தய ஓட்டுநர் டிக் கல்ட்ஸ்ட்ராண்டின் பெயரால் வழங்கும் வேலை. கமாரோவின் முன் சஸ்பென்ஷனில் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. வளைவில் வண்டி சாய்ந்து வெளிப்பக்கச் சக்கரம் மேலேறும்போது, டயரின் தலை உள்ளே சாய வேண்டும். இதில் வெளியே சாயும். பாரம் அதிகம் விழும் டயர் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். மேல் ஆர்மின் உள்முனை இருக்க வேண்டிய அளவு கீழே இல்லாததுதான் காரணம். சப்ஃபிரேமில் புதிய துளை போட்டு அந்த ஆர்மைக் கீழிறக்கினால் டயர் சரியான பக்கம் சாயும்.

துளை போட மனம் வராதவர்கள் அரை அங்குலம் உயரமான பால் ஜாயின்ட் போட்டு ஏறக்குறைய அதே பலனைப் பெறலாம். நான் அதைத்தான் செய்தேன். 1965–66 மஸ்டாங்கிலும் இதே நோய், இதே மருந்து: மேல் ஆர்மை ஒரு அங்குலம் இறக்குவது. பந்தய வண்டி கட்டிய கரோல் ஷெல்பியின் பெயரால் ஷெல்பி டிராப் என்று அழைத்தாலும், கணக்குப் போட்டவர் ஃபோர்டின் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்.

பின்னாடி லாரி மாதிரி ஸ்பிரிங் பட்டைதானே இருக்கு, அதைத் தூக்கி எறிஞ்சுட்டு காயில் போடட்டுமா?

போடலாம், ஆனால் அவசரமில்லை. 1967இல் பெரும்பாலான கமாரோக்களுக்கு ஒற்றைப் பட்டை. கிளட்சை விட்டால் ஆக்சிலே முறுக்கிக்கொண்டு குதிக்கும். 1968இல் ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் மாட்டிக் குதிப்பைக் குறைத்தார்கள். நல்ல பல-பட்டை ஸ்பிரிங், புதிய புஷ், தரமான ஷாக் போட்டு இன்றும் வெல்பவர்கள் இருக்கிறார்கள்.

முன்பக்கம் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியது அதுதான். 500–650 பவுண்டு ஸ்பிரிங்கும் (ஓர் அங்குலம் அமுங்க அத்தனை பவுண்டு வேண்டும்) தடித்த ஸ்வே பாரும் (சாய்வதைத் தடுக்கும் குறுக்குக் கம்பி) முன்னால் போட்டால், வண்டி சாய்வது குறைந்து, வளைவை விட்டு வெளியே வரும்போது பின்னால் உள்பக்கச் சக்கரம் தரையில் நிற்கும். பின்னால் ஸ்வே பார் சிறியதாக இருக்கட்டும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ரைட்ல வளைக்கும்போது எஞ்சின் இருமுது. கேஸ்கட்டா, பிளக்கா?

இரண்டும் இல்லை, பெட்ரோல் ஓரமாகப் போய்விடுகிறது. முதலில் டேங்கைப் பாருங்கள். பழைய டேங்க் தட்டையானது, உள்ளே தடுப்புகள் கிடையாது. கால் டேங்கில் ஓட்டினால் வளைவில் உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். பாதிக்குக் கீழே விடாதீர்கள். இது இலவச வைத்தியம்.

டேங்க் நிறைந்தும் இருமினால் கார்புரேட்டர். ஹோலியின் நாலு வாய் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்க முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு கிண்ணங்கள். பிரேக் அடித்தால் பெட்ரோல் முன்னால் பாயும்: முன்கிண்ணத்தில் ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) வறண்டுபோகும், பின்கிண்ணத்திலிருந்து காற்றுக்குழாய் வழியாக எஞ்சினுக்குள் வழியும். பக்கவாட்டில் வளைத்தால் மிதவை ஏமாறும். மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்குவது, காற்றுக்குழாய்க்கு நீட்டிப்புப் போடுவது, நடுவில் தொங்கும் மிதவை உள்ள கிண்ணத்துக்கு மாறுவது என்று இந்த வரிசையில் போங்கள். நான் மூன்றாவதில்தான் தப்பித்தேன். கார்புரேட்டரை விட்டு ஊசி முறைக்கு (ஃப்யூல் இன்ஜெக்ஷன்) மாறியவர்களுக்குக் கிண்ணத் தொல்லை போய்விடும். டேங்கில் தடுப்பு இல்லையென்றால் இருமல் மட்டும் போகாது.

நீண்ட வளைவுல ஆயில் பிரஷர் முள்ளு கீழ விழுது. கவலைப்படணுமா?

உடனே. பெட்ரோல் போனால் இருமலோடு போகும். ஆயில் போனால் பேரிங் போகும். முந்தின பதிலில் சொன்ன அதே கதைதான், சம்புக்குள் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) நடக்கிறது. பிரேக் அடித்துக்கொண்டே வளைக்கும்போது ஆயில் உறிஞ்சியை விட்டு விலகி ஓடும். உள்ளே ஒருவழிக் கதவுகள் வைத்த ஆட்டோகிராஸ் சம்ப் போடுங்கள். அது வரும்வரை அளவுகோலில் அரை குவார்ட் கூடுதலாக வைத்து ஓட்டுவது பலரும் செய்வது. முள்ளைப் பார்க்க நேரமிருக்காது, அதனால் கண்ணில் அடிக்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் எத்தனை தடவை மாத்தணும்? டிஃபரன்ஷியல் ரேஷியோ என்ன வைக்கலாம்?

ஒரே தடவை: கிளம்பியதும் இரண்டாவதுக்கு. அதன் பிறகு அதிலேயே முடிக்கிற மாதிரி ரேஷியோவை வையுங்கள். மன்சி எம்20 கியர்பாக்ஸில் இரண்டாவது 1.88. ஆக்சில் 3.73, டயர் 275/35ஆர்18 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் மணிக்கு 65 மைல் வரும். பெரும்பாலான பாதைக்கு அது போதும். 3.08 ஆக்சில் இருந்தால் அதே சுற்றில் 79 மைல். வேகம் கூடினாற்போல் தெரியும், ஆனால் மெதுவான வளைவிலிருந்து எழும்ப வண்டி முனகும்.

லிமிட்டெட் ஸ்லிப் (ஒரு பின்சக்கரம் மட்டும் சும்மா சுழல விடாத டிஃபரன்ஷியல்) இல்லாமல் வராதீர்கள். செவர்லேயின் பழைய லிமிட்டெட் ஸ்லிப்பான பாஸிட்ராக்ஷனின் கிளட்ச் தேய்ந்திருந்தால் உள்சக்கரம் மட்டும் புகையும். கியரால் வேலை செய்யும் வகை, ஈட்டன் ட்ரூடிராக் மாதிரி, வளைவில் மென்மையாகப் பிடிக்கும்.

பிரேக்குக்கு பெரிய ரேஸ் பேட் போட்டுட்டேன், இப்ப முன்னைவிட மோசமா நிக்குது?

ரேஸ் பேட் சூடேறினால்தான் கடிக்கும். நம் ஓட்டம் ஒரு நிமிடம். அது விழித்துக்கொள்ளும் முன் முடிந்துவிடும். குளிரிலேயே பிடிக்கும் நல்ல தெருப் பேட், புதிய பிரேக் ஆயில், முன்னால் டிஸ்க் இருந்தால் போதும். பின்னால் டிரம் இருந்துவிட்டுப் போகட்டும். உங்களுடையது 1967க்கு முந்தின வண்டியென்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். அப்போது பல அமெரிக்க வண்டிகளில் ஒற்றை அறைதான். ஒரு குழாய் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. இரட்டை அறைக்கு மாற்றாமல் கிளம்பாதீர்கள்.

காலையில செக்கிங்ல எதுக்கெல்லாம் திருப்பி அனுப்புவாங்க?

அசையும் பேட்டரி, ஆக்சிலரேட்டரைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் இல்லாதது, இளகிய வீல் நட்டு, ஒழுகும் ஆயில், பள்ளத்தில் போகும் பிரேக் பெடல். பழைய வண்டியில் பேட்டரிக் கவ்விதான் அடிக்கடி மாட்டும். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக், தரையில் பாய், தண்ணீர் பாட்டில் எதுவும் கட்டாமல் கிடக்கக் கூடாது. ஹெல்மெட் அந்த வருட விதிப் புத்தகம் ஏற்கும் பாதுகாப்பு முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும்.

ரெக்ஸின் சீட்ல வழுக்கி வழுக்கி பக்கத்து சீட்டுக்கே போயிடறேன் அண்ணா. நாலு முனை ரேஸ் பெல்ட் போடட்டா?

ரோல் பாரும் அதற்கேற்ற சீட்டும் இல்லாமல் வேண்டாம் தம்பி. வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கினால் அந்தப் பெல்ட் உடம்பைச் சாய விடாது. புதிய மூன்று முனை பெல்ட் போட்டிருந்தால் ஒரு தந்திரம் இருக்கிறது: சீட்டை ஒரு படி பின்னால் தள்ளி, பெல்ட்டைச் சட்டென்று இழுத்து லாக் ஆக்கி, அப்படியே சீட்டை முன்னால் நகர்த்துங்கள். இடுப்பு கட்டிப்போட்ட மாதிரி நிற்கும். ஸ்டியரிங்கைத் தொங்கும் கயிறாகப் பிடிப்பதை நிறுத்தினாலே உங்கள் கை லேசாகிவிடும்.

போட்டி நாள்ல மூக்கு வளைய மாட்டேங்குது, நேரா தள்ளுது. என்ன மாத்தலாம்?

முதலில் உங்களைச் சந்தேகப்படுங்கள். வேகமாக உள்ளே போனால் எந்த வண்டியும் தள்ளும். அடுத்த சுற்றில் ஒரு கோன் முன்னதாக பிரேக் அடித்துப் பாருங்கள். அப்போதும் தள்ளினால் காற்று. நான் 32 பி.எஸ்.ஐ.யில் தொடங்குவேன். டயரின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். சாக்பீஸ் பக்கவாட்டில் வெகுதூரம் அழிந்திருந்தால் காற்றுப் போதவில்லை, தொடாமலே இருந்தால் அதிகம். இரண்டு இரண்டாக மாற்றுங்கள். வெயில் நாளில் சுற்றுக்குச் சுற்று டயர் சூடேறிக் காற்று கூடும், அதையும் கழியுங்கள்.

காற்றில் தீராவிட்டால் முன் ஸ்வே பாரை ஒரு துளை மென்மையாக்குங்கள், அல்லது முன் ஷாக்கை ஒரு சொடுக்கு தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். நான் ஒருமுறை மதிய இடைவேளையில் மூன்றையும் மாற்றினேன். வண்டி வால் வீச ஆரம்பித்தது, எதனால் என்று மாலை வரை தெரியவில்லை.

எல்லாம் செஞ்சாச்சு. ஆனா ஒரு சின்ன மியாட்டா என்னை ரெண்டு விநாடி முந்துது. இன்னும் என்ன வாங்கணும்?

மாஸ்டாவின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான மியாட்டா உங்கள் வண்டியை விட ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு இளைத்தது. ஸ்லாலமில் (வரிசைக் கோன்களுக்கு இடமும் வலமுமாக நெளிந்து போகும் பகுதி) குட்டி நாய் மாதிரி ஓடும். அதை முந்தியே தீர வேண்டும் என்று விதி இல்லை, வேறு பிரிவு. ஆனால் எது வண்டியின் குறை, எது உங்கள் குறை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உங்கள் ஊரில் வேகமான ஓட்டுநர் யாரோ அவரிடம் சாவியைக் கொடுங்கள்.

போன வருடம் நான் விலை உயர்ந்த ஷாக் ஒரு செட் ஆர்டர் செய்திருந்த வாரம், ஒரு மியாட்டாக்காரரை என் கமாரோவில் உட்கார வைத்தேன். அறுபது வயதிருக்கும், அதற்கு முன் அந்த வண்டியைத் தொட்டதில்லை. நான் பக்கத்து சீட்டில். நான் பிரேக் அடிக்கும் இடத்தில் அவர் அடிக்கவில்லை. நான் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் இடத்தில் சும்மா இருந்தார். அவர் கண் எப்போதும் இரண்டு கோன் தள்ளியே இருந்தது. முதல் சுற்றிலேயே என் நல்ல நேரத்தை விட 1.4 விநாடி குறைவு. இறங்கி, “வண்டி நன்றாகத்தான் இருக்கிறது” என்று ஹெல்மெட்டைக் கழற்றினார். அன்று இரவே ஷாக் ஆர்டரை ரத்து செய்தேன்.